உளுந்தின் மேல் ஏறிய கார்: பெரம்பலூரிலிருந்து அரியலூர் ஸ்டேஷன் வரை

நான் ஊர் திரும்பிவிட்டேன் என்று ஈப்போவில் பேசிக்கொள்கிறார்களாம். முதலில் அதைத் திருத்திவிடுகிறேன். நான் பிறந்தது மலேசியாவில், அந்த ஈப்போவில். கான்வென்ட்டில் படித்ததும், ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றதும் அங்கேதான். பெரம்பலூர் என் கணவருடைய ஊர்ப்பக்கம். ஓய்வுக்காலத்துக்கென்று இங்கே ஒரு வீட்டைக் கட்டி, அதில் இரண்டே பொங்கல் கொண்டாடிவிட்டு அவர் போய்விட்டார். அந்த வீட்டைப் பூட்டிச் சாவியை யாரிடமும் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. ஆகவே நான் திரும்பி வந்தவள் அல்ல. எழுபத்தோரு வயதில் வெளிநாட்டில் குடியிருப்பவள். என் பாஸ்போர்ட்டும் அதையேதான் சொல்கிறது.

இரண்டாவது வதந்தி இன்னும் மோசம். கொழுந்தனார் துணையில்லாமல் நான் வாசற்படி தாண்டுவதில்லையாம். பரப்பியவள் என் பள்ளித்தோழி ஸ்டெல்லா. இந்தத் தை மாதம் அவளிடமிருந்து செய்தி வந்தது. என்னைப் பார்க்க வரப்போகிறாள். பெரம்பலூருக்கு ரயில் கிடையாது என்று அவளுக்குத் தெரியும். முப்பது கிலோமீட்டர் தள்ளி அரியலூரில்தான் இறங்க வேண்டும். "ஸ்டேஷனுக்கு உன் கொழுந்தனாரை அனுப்பிவிடு, நீ பாவம் எப்படி வருவாய்" என்று எழுதியிருந்தாள். அந்தப் 'பாவம்' என்ற சொல்லைப் படித்த அன்றே இந்தப் பயணம் தொடங்கிவிட்டது.

ஈப்போவில் நாற்பது வருடம் கார் ஓட்டியிருக்கிறேன். இங்கேயும் ஒரு சின்ன வெள்ளைக் கார் வாங்கி நிறுத்தியிருந்தேன். ஆனால் மலேசிய லைசென்ஸோடு கொண்டுவந்த சர்வதேச அனுமதியின் கெடு எப்போதோ முடிந்துவிட்டது. இனி இந்தியாவில் புதிதாக லைசென்ஸ் எடுக்க வேண்டும், அதுவும் முதல் படியிலிருந்து. பாஸ்போர்ட், வெளிநாடுவாழ் இந்தியக் குடிமக்களுக்கான அட்டை, வீட்டு வரி ரசீது, டாக்டர் சான்றிதழ் எல்லாவற்றையும் இரண்டிரண்டு நகல் எடுத்துக்கொண்டு காலை பத்து மணிக்கு வட்டாரப் போக்குவரத்து ஆபீஸுக்குப் போனேன். கவுன்டரில் இருந்த பெண் பாஸ்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சொந்த ஊர் எதும்மா?"

"ஈப்போ."

"அது சரிங்கம்மா. நெசமான சொந்த ஊரு?"

"ஈப்போ."

"அய்யா ஊரு?"

"என் கணவர் ஊர் பக்கத்துல இருக்கிற வாலிகண்டபுரம். ஆனா லைசென்ஸ் அவருக்கு இல்லை, எனக்கு."

அவர் சிரித்துவிட்டார். என் நகல்கள் வரிசையாக இருந்ததால் ஒரே நாளில் வேலை முடிந்தது. கணினித் தேர்வில் எல்லாக் கேள்விக்கும் சரியாகப் பதில் சொன்னேன் என்பதை அடக்கத்தோடு இங்கே பதிவு செய்கிறேன். அடுத்த ஒரு மாதம் காரின் முன்னும் பின்னும் சிவப்பு 'எல்' ஒட்டிக்கொண்டு செட்டிகுளம் சாலையில் பழகினேன். பழகுநர் பக்கத்தில் லைசென்ஸ் உள்ள ஒருவர் உட்கார வேண்டும் என்பது சட்டம். அந்த ஒருவர், வேறு யார், கொழுந்தனார் செல்வராசுதான். சின்ன வெங்காயம் ஏற்றும் குட்டி லாரியை முப்பது வருடமாக ஓட்டுபவர். என் பக்கத்தில் உட்கார்ந்து, இல்லாத பிரேக்கைக் காலால் மிதித்துக்கொண்டே வருவார்.

"அண்ணி, ஓரங்கட்டுங்க. பின்னாடி பஸ்ஸு வருது."

"வரட்டும் தம்பி. அவருக்கும் பிரேக் இருக்கும்ல?"

"இருக்கும். அடிக்க மாட்டான்."

தேர்வு நாளன்று மைதானத்தில் முன்னும் பின்னுமாக ஓட்டிக்காட்டி முடித்தேன். பிறகு ஆய்வாளர் என் பக்கத்திலும் செல்வராசு பின்னாலும் ஏறிக்கொள்ள, சாலைக்குப் போனோம். ஊரைத் தாண்டியதும், சாலையின் இடது பாதி முழுக்க உளுந்துச் செடியைப் பரப்பி வைத்திருந்தார்கள். அறுவடை முடிந்து காய்ந்த செடி, காயோடு. வலது பாதியில் எதிரே வண்டிகள் வந்துகொண்டே இருந்தன. நான் காரை நிறுத்தினேன்.

"ஏன் நின்னுட்டீங்க? போங்கம்மா," என்றார் ஆய்வாளர்.

"உளுந்து கிடக்கு சார்."

"ரோட்டுல போடக்கூடாதுதான். போட்டாச்சே. மேல ஏத்துங்க."

எனக்குக் கால் வரவில்லை. தட்டில் ஒரு பருக்கை மிச்சம் வைத்தாலும் எழுப்பி நிறுத்தும் கன்னியாஸ்திரீகளிடம் படித்தவள் நான். இன்னொருவருடைய விளைச்சலின் மேல் சக்கரத்தை ஏற்றுவதா? எதிர்வரிசை குறையட்டும் என்று காத்திருந்தேன். அது குறையவேயில்லை. பின்னால் நின்ற வண்டிகள் ஹாரன் அடித்துவிட்டு, ஓரத்து மண்ணில் இறங்கி எங்களையும் உளுந்தையும் சுற்றிக்கொண்டு போயின. சாலையோரத்திலிருந்து ஓர் அம்மா, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, கையில் குச்சியோடு வந்து கண்ணாடியைத் தட்டினார்.

"ஏம்மா, காரு புதுசா? சக்கரம் அழுக்காயிடுமா?"

"உங்க உளுந்து நசுங்கிடுமேன்னு பார்க்கிறேன்."

"நசுங்கத்தான் போட்டிருக்கேன். என்னமோ கோயில் பிரகாரத்துல நிக்கிற மாதிரி நிக்கிறீங்க."

அப்போதும் நான் ஏற்றவில்லை. ஆய்வாளர் மணிக்கட்டைத் திருப்பி நேரம் பார்த்தார். தோல்வி. காரணத்தை எழுத்தில் தரும்படி கேட்டேன். வாயால் சொன்ன பதிலை நான் எங்கேயும் ஏற்றுக்கொள்வதில்லை. அவர் மறுக்காமல் ஒரே சொல் எழுதிக் கொடுத்தார்: தயக்கம். என் வாழ்நாளில் யாரும் என்னைப் பற்றிச் சொல்லாத சொல் அது.

வீட்டுக்கு வந்ததும் செல்வராசு தண்ணீரைக்கூட வாங்கிக் குடிக்காமல் ஆரம்பித்தார்.

"போதும் அண்ணி. இந்த வயசுல இதெல்லாம் எதுக்கு? நம்ம வூட்டுல வண்டிக்கா பஞ்சம்? ஒரு போன் போட்டா நான் வந்துடப்போறேன்."

"நீங்க வந்துடுவீங்க. அதுதான் என் கஷ்டமே."

அவர் முகம் சற்று வாடியது. பிறகு சொன்னார்: "சரி, இன்னொரு வாட்டி போங்க. அதுலயும் போச்சுன்னா கார் சாவிய என்கிட்ட குடுத்துடணும். எங்க போகணும்னாலும் நான் கூட்டிட்டுப் போறேன். சம்மதமா?"

"சம்மதம். பாஸாயிட்டேன்னா?"

"நான் பின் சீட்டுல உக்காந்து வரேன். வாயே தொறக்க மாட்டேன்."

மறு தேர்வுக்கு ஏழு நாள் பொறுக்க வேண்டும். மறுநாளே டவுன் பஸ் ஏறி (பெண்களுக்குக் கட்டணம் இல்லை) அந்த உளுந்துக்காரம்மாவைத் தேடிப் போனேன். முந்தின நாள் என்னால் அவருக்கு நட்டம் ஏதும் உண்டா என்று நேரில் கேட்டுவிட வேண்டும் என்று தோன்றியது.

"இல்லாம? நீங்க நின்னதால அத்தனை கார்க்காரனும் சுத்திக்கிட்டுப் போயிட்டான். ஒரு காயும் ஒடையல. சாயங்காலம் நானும் என் மருமவளும் குச்சியால அடிச்சோம்," என்றார். பிறகு என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நாளைக்கி வண்டிய எடுத்துட்டு வந்து ஒரு நடை போங்க. கணக்கு சரியாயிடும்."

ஆக, மரியாதை என்று நினைத்து நான் செய்தது அவருக்கு உபத்திரவமாக முடிந்திருக்கிறது. வெளிநாட்டில் வாழ்வதென்றால் இதுதான். மறுநாள் செல்வராசுவோடு போனேன். இரண்டாவது கியரில், ஒரே சீராக, உளுந்தின் மேல் ஏற்றினேன். சக்கரத்துக்கடியில் காய்கள் படபடவென்று வெடித்தன. அப்பளம் நொறுங்குவதைப் போல ஒரு சத்தம், கால் பாதம் வரை அதிர்கிறது. அப்படி ஒரு குதூகலத்தை நான் பல வருடமாக அனுபவித்ததில்லை. திருப்பிக்கொண்டு வந்து இன்னொரு முறை ஏற்றினேன். அந்த அம்மா குச்சியை உயர்த்திக் காட்டினார்.

மறு தேர்வன்று அதே சாலையில் வேறொருவருடைய உளுந்து கிடந்தது. எதிரே சிமென்ட் லாரி வந்தது. நான் வேகத்தைக் குறைத்து, நேராக ஏற்றிக் கடந்தேன்.

"இன்னைக்குத் தயக்கமே இல்லையேம்மா," என்றார் ஆய்வாளர்.

"அதையும் எழுதிக் கொடுங்க சார்."

"அதுக்குக் கட்டம் இல்லைங்கம்மா."

லைசென்ஸ் தபாலில் வந்து சேர்ந்த மறுநாள் காலை ஆறரைக்கு, ஸ்டெல்லா வருவதற்கு முன் ஓர் ஒத்திகையாக, அரியலூருக்குக் கிளம்பினேன். செல்வராசு சொன்ன சொல் தவறாமல் பின் சீட்டில் ஏறினார். பாலக்கரை ரவுண்டானாவில் நான்கு பக்கமும் ஒரே சமயத்தில் நுழைகிறார்கள். எதிராளியின் கண்ணைப் பார்த்தபடி மெல்ல முன்னேற வேண்டும் என்பதை இப்போது தெரிந்துகொண்டுவிட்டேன். பேரளிக்குப் பிறகு சாலையோரத்தில் மக்காச்சோளம் காய்ந்துகொண்டிருந்தது. இதன் மேல் ஏற்றக்கூடாது. சுற்றிலும் கல் வைத்திருந்தால் காயப்போட்டது, கல் இல்லாமல் செடியோடு கிடந்தால் அடிக்கப் போட்டது. அரியலூர் நெருங்க நெருங்கச் சுண்ணாம்புக்கல் லாரிகளும், தூசியில் இலையெல்லாம் வெளுத்த மரங்களும். கண்ணாடியை ஏற்றிவிடுவது நல்லது. முக்கால் மணி நேரம் என்று போன் சொன்ன தூரத்துக்கு எனக்கு ஒரு மணி பத்து நிமிடம் ஆனது. அதில் எனக்கு வெட்கமில்லை.

ஸ்டேஷன் வாசலில் காரை நிறுத்தி இறங்கியதும் ஓர் ஆட்டோக்காரர் வந்தார்.

"ஆட்டோ வேணுங்களாம்மா?"

"வேண்டாம்பா. கார் இருக்கு."

அவர் செல்வராசுவைப் பார்த்து, "அண்ணே, காரைக் கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளிப் போடுங்க," என்றார்.

வழியெல்லாம் வாயைத் திறக்காத செல்வராசு அப்போதுதான் திறந்தார். "என்கிட்ட ஏம்ப்பா சொல்ற? அவங்கதான் டிரைவரு. அவங்ககிட்ட சொல்லு." சொல்லிவிட்டு, எனக்குக் காபி வாங்கிவரப் போய்விட்டார். நான் காரைத் தள்ளி நிறுத்தினேன்.

இதைப் படித்துவிட்டு இங்கே குடிவரத் திட்டமிடும் ஓய்வுபெற்றவர்களுக்குச் சில வார்த்தைகள். வீட்டு வரியை உங்கள் பெயருக்கு முதலில் மாற்றிவிடுங்கள். மற்ற எல்லாம் அதைப் பிடித்துக்கொண்டு வரும். ஆபீஸுக்குத் திங்கட்கிழமை போகாதீர்கள், அன்று கலெக்டரிடம் மனு கொடுக்க மாவட்டமே திரண்டு வருகிறது. கோபம் வந்தால் குரலை உயர்த்தாதீர்கள், எழுத்தில் கேளுங்கள். சாலையில் பரப்பிய செடி ஸ்கூட்டரை வழுக்க வைக்கும். இரு சக்கர வண்டியில் போகிறவர்கள் என் உதாரணத்தைப் பின்பற்ற வேண்டாம். பிளாட்பாரம் டிக்கெட் பத்து ரூபாய்.

ஸ்டெல்லா, இனி உனக்கு. வெளிநாட்டவர் ஒருவர் வீட்டில் தங்கினால், வீட்டுக்காரர் இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் அதை இணையத்தில் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். வெளிநாட்டவர் நீ, வீட்டுக்காரி நான். ஆகவே உன் பாஸ்போர்ட்டின் முதல் பக்கமும் விசாவும் நகலாக எனக்கு வேண்டும். எந்தத் தேதி, எந்த ரயில், எந்தப் பெட்டி என்பதும் தெரிய வேண்டும். உன் முழங்காலை நினைத்து, வாசலுக்கு மிக அருகில் எங்கே நிறுத்தலாம் என்று பார்த்து வைத்திருக்கிறேன். முன் சீட்டு உனக்கு. போனில் கூப்பிட்டுச் சொல்லாதே. எனக்கு எழுத்தில் பதில் அனுப்பு.