புழு வீட்டில் படித்த வாய்ப்பாடு

அந்த வருஷங்களை நினைத்தால் எனக்குத் தூக்கம்தான் ஞாபகம் வருகிறது. கிடைக்காத தூக்கம். ராஜ்யங்களைப் பிரிக்கிறார்களாம், ஓசூர் எந்தப் பக்கம் போகுமோ என்று சந்தையில் ஆளாளுக்குப் பேசிக்கொண்ட காலம். எங்கள் ஊரில் யாருக்கும் அந்தக் கவலையில்லை. வீட்டுக்கு வீடு பட்டுப்புழு வளர்த்தோம். புழு, கைக்குழந்தையைவிட மோசம். குழந்தை பசித்தால் அழுது கேட்கும். புழு கேட்காது, செத்துப்போகும். கூடு கட்டப்போகும் சமயத்தில் இராப்பகலாக மல்பெரி இலை போட்டுப் போட்டு, நின்றபடியே கண் சொருகும்.

புழு இருக்கும் அறையில் உரக்கப் பேசக்கூடாது. சத்தம் கேட்டால் இலையை விட்டுவிடும் என்று நம்பினோம். வாசலில் கத்திச் சண்டை போட்டுக்கொண்டு வரும் பங்காளிகள்கூட, நிலைப்படி தாண்டியதும் குசுகுசுவென்றுதான் திட்டிக்கொள்வார்கள்.

என் மகள் அப்போது இரண்டாம் வகுப்பு. பள்ளிக்கூடத்தில் தமிழ், பக்கத்து வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம். மூன்றும் அவளுக்குப் புரியும். மூன்றிலும் வெளியார் முன்னால் வாய் திறக்கமாட்டாள். ஒருநாள் வாத்தியார் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"சிலேட்டுல எழுதச் சொன்னா எல்லாம் சரியா எழுதறா. எழுந்து சொல்லுன்னா ஊமையாட்டம் நிக்கறா. அடுத்த வாரம் இன்ஸ்பெக்டர் வராரு. அவரு முன்னாடி வாய்ப்பாடு சொல்லலேன்னா மேல் கிளாசுக்குப் போட முடியாதும்மா."

அவர் தலை மறைந்ததும் என் வீட்டுக்காரர் ஆரம்பித்தார். "வாயத் தொறக்காத புள்ளைக்குப் பள்ளிக்கூடம் எதுக்கு? இந்த வாட்டி பெயிலாயிட்டான்னா எல பறிக்க வரட்டும். ஒரு கை கூடும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என்னையும் இப்படித்தான் ஐந்தாவதோடு நிறுத்தி இலை பறிக்க அனுப்பினார்கள். ஆனால் கத்த முடியாது, உள்ளே புழு. பல்லைக் கடித்துக்கொண்டு மகளைக் கேட்டேன்.

"இன்னாடி பயம் உனக்கு?"

"எல்லாரும் என்னியே பாக்கறாங்கம்மா."

"பாத்தா? தின்னுடுவாங்களா?"

அவள் கண் நிறைந்துவிட்டது. அதட்டினால் ஆகாது என்று விட்டேன். சாவகாசமாக உட்கார்ந்து சொல்லிக் கொடுக்க எனக்கு ஏது நேரம்? இலை போடும்போது அவளையும் புழு அறைக்குக் கூட்டிப்போனேன். மூங்கில் தட்டுகளில் அத்தனை புழுவும் தலை நிமிராமல் தின்றுகொண்டிருந்தன.

"இதுங்க உன்னப் பாக்குதா?"

"இல்ல."

"அப்ப இதுங்களுக்குச் சொல்லு."

சொன்னாள். முதலில் தயங்கித் தயங்கி, பிறகு ஒவ்வொரு தட்டாக நகர்ந்து, தடங்கலில்லாமல். நான் இலை நறுக்கிக்கொண்டே கேட்பேன். சில சமயம் உட்கார்ந்தபடியே தூங்கிவிடுவேன். "அம்மா, கேக்கறியா?" என்று தோளைத் தொடுவாள். என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "பாடமா, மந்திரமா?" என்று கேலி செய்வார். செய்யட்டும் என்றிருந்தேன்.

இன்ஸ்பெக்டர் வந்த அன்று தோட்டத்திலிருந்து இலைக் கட்டோடு வந்துகொண்டிருந்தேன். பள்ளிக்கூடத்தைத் தாண்டக் கால் வரவில்லை. ஜன்னலோரம் நின்றேன். உள்ளே பிள்ளைகள் சந்தை இரைச்சலாக இரைந்துகொண்டிருந்தன. என் மகள் எழுந்து நின்றிருந்தாள். அவள் உதடு அசைவது தெரிந்தது.

"சத்தமா சொல்லும்மா," என்றார் இன்ஸ்பெக்டர்.

மறுபடியும் உதடு அசைந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. புழு அறையில் பழகிய வாய்ப்பாடு. குசுகுசுவென்று சொல்லத்தான் அவளுக்குத் தெரியும். போச்சு, எல்லாம் போச்சு. நாளைக்கு அவள் தலையிலும் ஒரு இலைக்கட்டு.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் சட்டென்று வாயை மூடின. அப்புறம் அடுத்த வரிசை. யாரும் அதட்டவில்லை. அத்தனையும் புழு வீட்டில் வளர்ந்தவை. அந்தக் குசுகுசுக் குரல் காதில் விழுந்தால் தாமும் அடங்கிவிடுவது அவற்றின் உடம்பில் ஊறியிருந்தது. வாத்தியாரின் பிரம்புக்கே அடங்காத கடைசி வரிசைப் பையன்கள்கூட மூச்சுக் காட்டவில்லை.

ஜன்னலுக்கு வெளியே எனக்கே கேட்டது. "ஆறாறு முப்பத்தாறு. ஏழாறு நாற்பத்திரண்டு." கடைசிவரை ஓரிடத்திலும் நிற்கவில்லை. இன்ஸ்பெக்டர் குனிந்து காதைக் கொடுத்துக் கேட்டார். அவருக்கு எங்கள் ஊர் வழக்கம் என்ன தெரியும்? ஆனாலும், "போதும்மா, பாஸு," என்று அவரும் குசுகுசுவென்றுதான் சொன்னார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. இரண்டு கையும் தலைச் சுமையைப் பிடித்திருந்ததால் கண்ணைத் துடைக்காமலே வீட்டுக்கு நடந்தேன். புழுக்கள் பசியோடு இருந்தன.