இரட்சணியம் எடுக்கிற டொக்டர்

"கேஷா, கார்டா?" என்று கவுண்டரில் இருந்த பெண் நிமிர்ந்து பாராமலே கேட்டாள். மாமி தன் ஊன்றுகோலைத் தூக்கிக் கவுண்டரின் மேல் குறுக்கே வைத்தார். "காப்புறுதி" என்றார், மண்டபம் முழுக்கக் கேட்க. கொழும்பிலே அந்தத் தனியார் ஆஸ்பத்திரியில் காத்திருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு வெட்கமாகப் போயிற்று. மாமிக்கு அப்படியொன்றும் இல்லை. வெட்கப்பட வேண்டியவர்கள் கவுண்டருக்கு அந்தப் பக்கம் இருக்கிறார்கள் என்பது அவர் கட்சி. இன்றைக்கு நானும் அதே கட்சிதான்.

மாமி என் அப்பாவின் அக்கா. கற்பிட்டிப் பக்கத்தில் அரசாங்க மருத்துவமாது. சண்டைக் காலத்திலும் சரி, அது ஓய்ந்த பிறகும் சரி, கடற்கரை மீன்வாடிகளுக்கும் வெங்காயத் தோட்டங்களுக்கும் ஸ்கூட்டியில் போய்ப் பிள்ளைத்தாய்ச்சிகளைப் பார்ப்பதுதான் வேலை. அவர் கையில் பிறந்ததுகளை எண்ணி முடியாது. "இவ்வளவு பேரைப் பெறுவிச்சன், ஒண்டாவது எலும்பு டொக்டரா வரக்கூடாதா? பாதி இத்தாலியில, மிச்சம் வள்ளத்தில" என்று பின்னாளில் குறைப்பட்டுக்கொள்வார்.

குறைப்படக் காரணம் இருந்தது. ஒருநாள் தண்ணீர் இறைத்த தோட்டத்து ஈர மணலில் ஸ்கூட்டி சறுக்கி, வலது முழங்கால் நொறுங்கிவிட்டது. எலும்பு பொருந்தியது, ஆனால் கோணலாக. மூட்டையே மாற்றினால்தான் இனி நடக்கலாம் என்றார்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் ஒப்பரேசன் இலவசம். ஆனால் வரிசை கற்பிட்டியிலிருந்து புத்தளம் மட்டும் நீளும், செயற்கை மூட்டையும் நாங்களே வெளியில் வாங்கிக் கொடுக்க வேண்டும். லீவு முடிவதற்குள் மாமி நடக்காவிட்டால் மருத்துவச் சபைக்கு முன் நிறுத்தி, வேலைக்கு உதவாதவர் என்று பென்சனில் அனுப்பிவிடுவார்கள். அதுதான் அவரைத் தூங்கவிடாமல் அடித்தது. "என்னை வீட்டில இருக்கச் சொல்லுறதுக்கு இவங்கள் ஆர்? நான் வீடு வீடாப் போறவள்" என்பார்.

உத்தியோகத்தில் சேர்ந்த மாதத்திலிருந்து மாமியின் சம்பளத்தில் அரசாங்கக் காப்புறுதிக்கு வெட்டிக்கொண்டே வந்தார்கள். அதை ஏற்றுக்கொள்ளும் எலும்பு டொக்டர் ஒருவரைத் தேடித்தான் அலைந்தோம். போன இடமெல்லாம் ஒரே பதில்: முதலில் முழுக்காசையும் கட்டுங்கள், பிறகு நீங்களே காப்புறுதிக்கு எழுதிப்போட்டுத் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள். சண்டை முடிந்து வீதியில் சோதனைச் சாவடிகள் எடுபட்டிருந்த காலம் அது. ஆமிக்காரன் மறிக்காத மாமியைக் கவுண்டர்கள் மறித்தன. அன்றைக்குக் கொழும்புக் கவுண்டரில் இருந்த பெண்ணிடமும் மாமி சொன்னார்: "தலை வெளிய வந்த பிள்ளையை, காசு வாற வரைக்கும் உள்ள நில்லு எண்டு நான் ஒருநாளும் சொன்னதில்ல, மகள்." அவள் அடுத்த ஆளைக் கூப்பிட்டாள். பக்கத்தில் நின்ற கிளார்க் இரக்கப்பட்டு, டொக்டரின் காலில் விழுந்து கேட்டால் காசைக் குறைப்பார் என்று காதோடு சொன்னார். "மடங்கிற காலா இருந்தா நான் ஏன் தம்பி இங்க வாறன்?" என்று மாமி ஊன்றுகோலை எடுத்துக்கொண்டார்.

ஊரில் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். எண்ணெய்க் கட்டுப் போடச் சொன்னார்கள், நேர்த்தி வைக்கச் சொன்னார்கள். கோவிலில் காசு சேர்த்துத் தருவதாகவும் சொன்னார்கள். மாமி ஒன்றுக்கும் மசியவில்லை. கட்டின காசு இருக்கக் கையேந்துவதா என்று அவருக்கு ஆத்திரம்.

கடைசியில் சிலாபத்தில் கன்னியாஸ்திரிகள் நடத்திய ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்குப் போனோம். அதுவரை எல்லாக் கவுண்டரிலும் சிங்களத்தில் கேட்டுக் கேட்டு மாமியின் வாயில் 'ரக்ஷணய' என்ற சொல் ஒட்டிப்போயிருந்தது. சிங்களத்தில் அது காப்புறுதி. இங்கே மேசையில் இருந்த வயதான சிஸ்டர் தமிழில் "சொல்லுங்கோ அம்மா" என்றதும், மாமியின் நாக்கு அந்தச் சொல்லையும் தமிழாக்கிவிட்டது. "சிஸ்டர், இங்க இரட்சணியம் எடுக்கிற டொக்டர் இருக்கிறாரா?"

சிஸ்டர் கண்கலங்கிப் போனார். மாமியின் கையைப் பிடித்து மெதுவாக நடத்திக்கொண்டுபோய்ச் சிற்றாலயத்தில் இருத்தினார். "இரட்சணியத்துக்கு டொக்டர் வேணாம் அம்மா, ஆண்டவர் இருக்கிறார்" என்றார். எனக்கு விளங்கிவிட்டது: சிஸ்டரின் காதில் விழுந்தது ஆன்ம மீட்பு. சிரிப்பை அடக்கத் தலையைக் குனிந்துகொண்டேன். மாமிக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. விளங்கியதும் பீடத்துக்கு முன்னாலேயே வெடித்துச் சிரித்தார். "அந்த இரட்சணியத்தைச் செத்தாப் பிறகு பாப்பம், சிஸ்டர். நான் கேக்கிறது சம்பளத்தில வெட்டுறது!" சிஸ்டரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அந்தச் சிரிப்பிலேதான் கதை வந்தது. அரசாங்க ஆஸ்பத்திரியில் வேலைசெய்யும் ஓர் இளம் எலும்பு டொக்டர் பின்னேரங்களில் அங்கே வருகிறார், காப்புறுதியின் சம்மதம் வந்தால் போதும் என்று ஒப்பரேசன் செய்கிறார், காசை ஆஸ்பத்திரி காப்புறுதிக்காரரிடமே வாங்கிக்கொள்ளும் என்றார் சிஸ்டர். எந்தக் கவுண்டரும் எங்களுக்குச் சொல்லாத செய்தி அது.

அந்த டொக்டர் அதிகம் கதைக்கவில்லை. எக்ஸ்ரே படத்தைப் பார்த்தார், காலை மடக்கிப் பார்த்தார், நாள் குறித்தார். லீவு முடியுமுன் மாமி மருத்துவச் சபைக்கு முன்னால் நடந்து போனார், ஊன்றுகோல் இல்லாமல். மிச்சச் சேவைக்காலத்தையும் முடித்துவிட்டுத்தான் பென்சன் எடுத்தார்.

நான் இப்போது ஆசிரியை. என் சம்பளத்திலும் மாதாமாதம் வெட்டுகிறார்கள். போன மாதம் அம்மாவின் இடுப்புக்காக ஒரு கவுண்டரில் நின்றபோது, "முதல்ல காசு" என்றார்கள். மண்டபம் முழுக்கக் கேட்கத்தான் நானும் பதில் சொன்னேன்.

மாற்றிய மூட்டோடு தரையில் முழந்தாளிடக் கூடாது என்பது டொக்டரின் கட்டளை. இந்த வருடம் தலவில தேவாலயத் திருவிழாவில், குரு நற்கருணையை ஏந்திவந்து தரும் ஆசீருக்கு மணி அடித்ததும் கண்ணுக்கெட்டிய தூரம் சனம் மணலில் முழந்தாளிட்டது. மாமி மட்டும் நிமிர்ந்து நின்றார். பின்னால் இருந்த ஒரு பெண் அவர் சட்டையைப் பிடித்து இழுத்து, "முழங்காலில நில்லுங்கோ, ஆண்டவர் வாறார்" என்று சினந்தாள்.

"வரட்டும்" என்றார் மாமி, திரும்பிப் பாராமலே. "நான் நிக்கிறத அவரும் ஒருக்காப் பாக்கட்டும்."

நான் மணலைத் தட்டிவிட்டு எழுந்து அவர் பக்கத்தில் நின்றேன். என் முழங்காலில் ஒரு குறையும் இல்லை.