இடுப்பில் செருகி வந்த குடுவை

எலியின் கர்ப்பத்தை எண்ணுவது சுலபம். மாலையில் ஆணையும் பெண்ணையும் ஒரே கூண்டில் விட்டு, மறுநாள் காலையில் பெண்ணைப் பார்த்தால் இணை சேர்ந்த அடையாளம் தெரிந்துவிடும். அன்றிலிருந்து பதினான்காம் நாள் எனக்கு வேண்டியது. எண்பதுகளின் தொடக்கத்தில், காரைக்காலில் ஒரு கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுத்தபடியே முனைவர் பட்டத்துக்கும் பதிவு செய்திருந்தேன். கல்லூரியில் நான் எலிகளின் நாட்களை எண்ண, வரிச்சிக்குடி வீட்டில் என் தம்பி மனைவியின் மாதங்களை அம்மா எண்ணிக்கொண்டிருந்தார்.

அவளுக்கு அது மூன்றாவது. முதல் இரண்டும் ஏழாம் மாதத்தில் தவறிவிட்டன. வீட்டில் யாரும் அதைப் பற்றி வாய் திறப்பதில்லை. இப்போது மறுபடியும் ஏழாம் மாதம்.

வீட்டில் கோழி அறுக்கக் கூடாது என்றார் அம்மா. வயலில் பாம்பைக் கண்டாலும் அடிக்காதே என்று தம்பியிடம் சொன்னார். அதுவரை நான் சிரித்துக்கொண்டிருந்தேன். அப்புறம் என் பக்கம் திரும்பினார்.

"நீயும் அந்த எலி அறுக்குற வேலைய கொஞ்ச நாளைக்கு நிறுத்தி வையி. அதுவும் வயித்துப் பிள்ளையோட இருக்குற எலியவா அறுக்குறே? புள்ளத்தாச்சி இருக்குற வீடும்மா இது."

"எலிக்கும் இவளுக்கும் என்னம்மா சம்பந்தம்?"

"எனக்கு என்ன தெரியும்? அவ மனசு பதறாம இருக்கணும். அம்புட்டுத்தான்."

எனக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில் இருக்கும். கத்தித் தீர்த்தேன். பக்கத்து அறையில் அவள் காதில் விழுமே என்று தோன்றியதும் குரலைத் தாழ்த்தி, "சரி, நிறுத்திடுறேன்" என்றேன். நிறுத்தவில்லை. எலிக்கருவின் மூளையிலிருந்து எடுத்து, பல மாதங்களாகக் கண்ணாடிக் குடுவைகளில் நான் வளர்த்த செல்களெல்லாம் பூஞ்சை பிடித்துச் செத்துக்கொண்டிருந்தன. கடல் காற்றும் ஐப்பசி ஈரமும் சேர்ந்தால் எதில்தான் பூஞ்சை வராது? ஆனால் அந்த வாரம் ஒரு எலிக்குப் பதினான்காம் நாள் வந்தது. விட மனமில்லை.

முன்பக்கம் கண்ணாடி வைத்த மரப்பெட்டிக்குள் கையை விட்டு, ஸ்பிரிட் விளக்குப் பக்கத்தில் வைத்துச் செய்யும் வேலை அது. கருவின் மூளை ஒரு பயறு அளவுகூட இராது. அதன்மேல் போர்த்தியிருக்கும் சவ்வை நுனி கூரிய இடுக்கியால் உரிக்க வேண்டும்; கை நடுங்கினால் மூளையும் கூடவே வந்துவிடும். பிறகு செல்களைப் பிரித்துவிடும் நொதியில் ஊறவைத்து, மெல்லிய கண்ணாடிக் குழாயால் மெதுவாக உறிஞ்சி உறிஞ்சி விட வேண்டும். அவசரப்பட்டால் பாதி செத்துப்போகும். ஒரு துளியில் நீலச் சாயம் கலந்து பார்த்தால் செத்ததெல்லாம் நீலமாகத் தெரியும். அவற்றை ஒவ்வொன்றாக எண்ணி நோட்டில் எழுதுவேன்.

அந்த முறை அவை பிழைத்தன. இரண்டாம் நாள் நுண்ணோக்கியில் பார்த்தால், ஒவ்வொரு செல்லிலிருந்தும் பாகல் கொடிச் சுருள்போல இழைகள் கிளம்பி, பக்கத்துச் செல்லைத் தேடிக்கொண்டிருந்தன. தனியாக இருந்த நான் சத்தம் போட்டுச் சிரித்துவிட்டேன்.

மூன்றாம் நாள் பகலில் புயல் மழை. கரண்ட் போயிற்று. கம்பம் சாய்ந்துவிட்டது, இன்றைக்கு வராது என்றார்கள். செல்களை வைத்திருந்த சூட்டுப்பெட்டி ஆறத் தொடங்கியது. அவற்றுக்கு வேண்டியது முப்பத்தேழு டிகிரி; நம் உடம்பின் சூடு. இருந்ததிலேயே நல்ல குடுவையை எடுத்து, கழுத்துவரை ஊட்டத் திரவத்தை நிரப்பி, மூடியை இறுகத் திருகி, கைக்குட்டையில் சுற்றி, புடவைக்குள் இடுப்போடு செருகிக்கொண்டேன். பஸ்ஸில் பக்கத்தில் இருந்த அம்மாள், வயிற்று வலியா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

வீட்டுக்கு வந்தபோது சொட்டச் சொட்ட நனைந்திருந்தேன். எனக்கே பல் கிடுகிடுத்தது. என் இடுப்பில் ஏது சூடு? அம்மா கொல்லையிலிருந்து, "தலைய தொவட்டிட்டு வெந்நியில குளி" என்று சத்தம் போட்டார். கூடத்தில் தம்பி மனைவி மட்டும் போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் குடுவையை எடுத்து வைத்துக்கொண்டு விழிப்பதைப் பார்த்தாள்.

"என்ன அண்ணி அது?" நாத்தனாரான என்னை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள்.

"உசுரு இருக்கு இதுல. சூடு ஆறக் கூடாது."

வேறொன்றும் கேட்காமல் கையை நீட்டி வாங்கினாள். போர்வைக்குள் வயிற்றோடு சேர்த்து வைத்துக்கொண்டாள்.

நான் குளித்துவிட்டு வந்தபோதும் அப்படியே இருந்தாள்.

"உள்ள என்னங்க இருக்கு? கண்ணுக்கு ஒண்ணும் தெரியலியே."

"எலிக்குஞ்சோட மூளையிலேருந்து எடுத்தது. வயித்துக்குள்ள இருந்த குஞ்சு."

சொன்ன பிறகுதான் சொல்லியிருக்கக் கூடாது என்று உறைத்தது. அவள் முகத்தையே பார்த்தேன். குடுவையைக் கீழே வைத்துவிடுவாள் என்று நினைத்தேன். அழுதுவிட்டால், அதற்கப்புறம் ஏதாவது ஆகிவிட்டால், என் படிப்பையெல்லாம் கொண்டுபோய் எந்த ஆற்றில் போடுவது?

"தாய் எலிய என்ன பண்ணுனீங்க?"

பொய் சொல்ல நேரம் இருந்தது. முடியவில்லை.

"மொதல்ல அதைத்தான் கொன்னேன். ஒரு நொடிதான். அப்புறந்தான் வயித்த அறுத்தது."

அவள் போர்வையைக் குடுவையின்மேல் இன்னும் இழுத்துவிட்டாள்.

"அப்ப, பிள்ளைங்க போனது அதுக்குத் தெரியாதுல்ல. அதுவரைக்கும் நல்லதுங்க அண்ணி."

நீலமாகச் செத்த செல்களை ஒன்று விடாமல் எண்ணி எழுதுகிறவள் நான். இவளுடைய இரண்டு பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை விசாரித்ததில்லை. விசாரிக்காமல் இருப்பதுதான் அன்பு என்று வீடு முழுக்க நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

செல்கள் அந்த மழைக்குப் பிழைத்தன. அவளுக்குத் தை மாதம் பெண் பிறந்து, அதுவும் நன்றாக வளர்ந்தது. எனக்குப் பட்டமும் கிடைத்தது. ஆனால் அந்த நாள் என்றால் எனக்கு நினைவுக்கு வருவது இவை எதுவும் இல்லை. அன்று அவள் பக்கத்தில் உட்கார்ந்து, போர்வையின் ஒரு முனையை இழுத்துப் போர்த்திக்கொண்டு கேட்டேன்:

"ரெண்டு பேரையும் நீ பாத்தியாம்மா?"

அவள் சட்டென்று என் பக்கம் திரும்பினாள்.

"மூத்தத காட்டவே இல்லைங்க. ரெண்டாவத கேட்டு வாங்கிப் பாத்தேன். தலை நெறைய முடி அண்ணி, அதுக்கு."