வெயிலுக்கு ஆகாத குளிசை

என் கணவர் முல்லைத்தீவுக் கரையில் கடற்றொழில் செய்தவர். ஒருநாள் காலை, கரைக்கு வந்த வள்ளத்திலிருந்து வலையை இறக்கிக்கொண்டு நின்றவர் நெஞ்சைப் பிடித்தபடி மணலில் சாய்ந்துவிட்டார். கையைப் பிடித்துப் பார்த்தேன். நாடி தாறுமாறாக ஓடியது.

ஆஸ்பத்திரியில் ஒரு இளம் பெண் டொக்டர் எங்களை இருத்தி விளங்கப்படுத்தினார். மின்சாரம் மாதிரி ஒன்று ஓடித்தான் இதயம் துடிக்கிறதாம். இவருக்கு அது பிழையான இடத்திலிருந்தும் கிளம்புகிறதாம்.

"இந்தக் குளிசை அந்த ஓட்டத்தை மெதுவாக்கும் ஐயா. ஒரு துடிப்புக்கும் அடுத்ததுக்கும் இடையில இதயம் கொஞ்சம் ஆறும். பிழையான துடிப்பு இடையில புகுறது குறையும். ஆனா வெயில் படக்கூடாது. தோல் எரியும், நிறமும் மாறலாம். இருமல், மூச்சு இளைப்பு வந்தா உடன வாங்கோ."

"வெயில் படாமல் கடலுக்குப் போறதெப்பிடி, பிள்ளை?"

டொக்டர் பேனையை மூடி வைத்தார். "போகாமல் இருக்கிறதுதான் நல்லது ஐயா" என்றார் பிறகு.

முழுக்கைச் சட்டையும் தொப்பியுமாகக் கொஞ்சக் காலம் போய்ப் பார்த்தார். மூக்கும் கன்னமும் கொப்புளித்தன. வள்ளத்தை என் தம்பியிடம் கொடுத்துவிட்டு வீட்டோடு இருந்தார். நெஞ்சு ஒழுங்காகத் துடித்தது. நான் மாதாவுக்கு நன்றி சொன்னேன். அவர் சொல்லவில்லை.

வருடங்கள் போகப் போக அவர் முகம் நீலம் கலந்த சாம்பல் நிறமாகியது. மாதா கோயிலில் ஒரு சின்னப் பிள்ளை அவரைக் கண்டு தாயின் சேலைக்குள் ஒளிந்தது. அதற்குப் பிறகு அவர் பூசைக்கு வரவில்லை.

"கண்ணாடியில வேற ஆரோ நிக்கிறான்" என்றார் ஒருநாள், முகம் வழித்துக்கொண்டு.

பிறகு வறட்டு இருமல் வந்தது. கிணற்றடிக்குப் போய் வரவே மூச்சு வாங்கியது. ஆஸ்பத்திரியில் நெஞ்சைப் படம் எடுத்துப் பார்த்தார்கள். குளிசை சுவாசப்பையைத் தாக்கிவிட்டதென்று அதை நிறுத்தி வேறொன்று தந்தார்கள். விட்டாலும் அந்த மருந்து மாதக்கணக்காக உடம்பில் நிற்குமாம்.

"அப்ப நிறம் திரும்புமோ?" என்று அவர் கேட்டார்.

"மெல்ல மெல்லத் திரும்பலாம் ஐயா."

வீட்டுக்கு வந்ததும் தம்பியைக் கூப்பிட்டு வள்ளத்தின் இயந்திரத்தைப் பற்றி விசாரித்தார். "பாரும், வாடைக் காத்து முடிய நானும் போவன்" என்றார் என்னிடம். வெகுநாளைக்குப் பிறகு அவர் சிரித்தார். நானும், "ஓம், போங்கோ" என்றேன்.

காற்று முடியவில்லை. ஒரு காலை தேத்தண்ணி கொண்டுபோனேன். கதிரையில் தலை சாய்ந்திருந்தது. தொட்டுப் பார்த்தேன்.

செத்தவீட்டுக்கு விசுவமடுவிலிருந்து வந்த தூரத்து உறவுக்காரி ஒருத்தி பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். அந்த நிறத்தைக் கண்டதும் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கடலுக்க மூழ்கிச் செத்தவரோ, தங்கச்சி?"

"இல்லையக்கா. அவர் கடலுக்குப் போய்க் கனகாலம்."

அவளுக்கு விளங்கவில்லை. விளங்கப்படுத்த எனக்குத் தெம்பும் இல்லை.