படகின் பின்பாதி

என் அண்ணன் பொய் சொன்னான். அம்மாவை அடக்கம் செய்த அன்று, பந்தலில் உட்கார்ந்திருந்த எல்லோரிடமும் ஒரே பேச்சு: "ஒண்ணும் தெரியாமலே போய்ட்டாங்க." அது பொய் என்று அவனுக்குத் தெரியும்.

அம்மா ஆம்பூரில் ஷூ கம்பெனியில் செக்கிங்கில் இருந்தவள். இடது ஷூவையும் வலது ஷூவையும் பக்கத்தில் வைத்து ஜோடி சரியா என்று பார்க்கும் வேலை. பக்கவாதம் வந்ததும் பேச்சு போனது. வலது கையும் காலும் போயின. ஹாலில் கட்டில் போட்டோம். படுத்தால் எதிர்ச்சுவர் மட்டும்தான் தெரியும். காரை உதிர்ந்த வெறும் சுவர். அதற்காகத்தான் மூன்று துண்டாக வரும் படம் ஒன்றை வேலூரில் வாங்கினேன். ஏரி, மலை, ஒரு படகு. மூன்றையும் வரிசையாக மாட்டினால் ஒரே படம்.

அண்ணன்தான் ஆணி அடித்து மாட்டினான். மாட்டியதிலிருந்து அம்மாவின் இடது கை சும்மா இல்லை. கட்டில் சட்டத்தைத் தட்டிக்கொண்டே இருந்தது. தண்ணீர் கொடுத்தேன். துணி மாற்றினேன். நிற்கவில்லை. கடைசியில் தலையணைப் பக்கம் குனிந்து, அவள் பார்க்கிற இடத்தைப் பார்த்தேன்.

"அண்ணா, படகோட பின்பாதி அந்தக் கோடியில கெடக்குது பாரு. ரெண்டு ஓரத்தையும் மாத்தி மாட்டிட்ட."

"அட ஆமா." சிரித்தான். "இன்னாம்மா, இங்கயும் செக்கிங்கா? என் வேலையையே ரிஜெக்ட் பண்ணிட்டியே!"

மாற்றி மாட்டினான். கை நின்றது. இரண்டு பேரும் பார்த்தோம்.

பிறகு அவன் காட்பாடியில் வீடு கட்டினான். புது வீட்டுப் பிரதிஷ்டை ஜெபத்துக்கு முன்னால் காரில் வந்து படத்தைக் கழற்றினான்.

"சோஃபாவுக்கு மேல மூணு பீஸ் மாட்டினாதான் ஹால் எடுப்பா இருக்கும்."

"அம்மா பாக்கறாங்கண்ணா."

"அவங்களுக்கு இன்னா தெரியும்? படமும் ஒண்ணுதான், சுவரும் ஒண்ணுதான்."

எடுத்துக்கொண்டு போய்விட்டான். அம்மாவின் கை மறுபடி தட்டத் தொடங்கியது. ஒரு காலண்டர் மாட்டிப் பார்த்தேன். அவள் சாகும்வரை அந்தக் கை நிற்கவில்லை.

எனக்கு அழுகை வரவில்லை. இன்றும் வரவில்லை. ஷிஃப்டுக்குப் போகிறேன், வருகிறேன், சோறாக்குகிறேன். சுவரில் ஆணிகள் அப்படியே இருக்கின்றன. பிடுங்கவும் தோன்றவில்லை.

போன வாரம்தான் அவன் வீட்டுக்குப் போனேன். சோஃபாவுக்கு மேல் படகு முழுசாக இருந்தது. நான் அதையே பார்ப்பதைக் கண்டு அண்ணி பெருமையாகச் சொன்னாள்: "மாட்ட வந்த ஆளு மாத்தி மாட்டிட்டான். உங்கண்ணன்தான், 'படகு தப்பா இருக்குது, எங்கம்மா பார்த்தா உடவே உடாது'ன்னு சொல்லி மாத்த வெச்சாரு."

அப்போது அம்மா உயிரோடு இருந்தாள். ஆம்பூரில் வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள்.

அண்ணன் அடுப்படியிலிருந்து வந்து, "டீ குடிக்கிறியா?" என்றான். குடித்துவிட்டு வந்தேன்.

அடுத்த மாதம் சபையில் அம்மாவுக்கு நினைவு ஜெபம். நாலு வார்த்தை பேச அவன்தான் எழுந்திருப்பான். பந்தலில் கேட்ட அதே ஆட்கள் அங்கேயும் இருப்பார்கள். அண்ணா, அந்த மைக்கிலேயே பதில் சொல். ஒன்றும் தெரியாமல் கிடந்தவள் எதை விடமாட்டாள் என்று பயந்தாய்? எல்லோர் முன்னாலும் சொல்.