விரல் சூட்டுக்குச் சாகாத கூட்டம்: சேலையூரிலிருந்து திருமுடிவாக்கம் வரை ஒரு தூக்குப் பால்

இது நான் ஊர் சுற்றப் போன பயணம் இல்லை. ஒரு தூக்குப் பாலை ஊர் சுற்றிக் காட்டின பயணம். போன மே மாசம், ஒரு சனிக்கிழமை.

காரணம், எங்க அக்கா. ஏழாம் மாசம் வளைகாப்பு முடிஞ்சு, பிரசவத்துக்காக சேலையூர் வீட்டுக்கு வந்திருந்தாள். வந்த மறுநாளே அப்பா பாக்கெட் பாலை நிறுத்திவிட்டு, பீர்க்கன்கரணையில் மாடு வைத்திருக்கும் ஒருத்தரிடம் கறந்த பாலுக்குச் சொல்லிவிட்டார். அதையும் காய்ச்சக் கூடாதாம். காய்ச்சினால் சத்து செத்துடுமாம். விரல் பொறுக்கிற சூடு போதுமாம். தெர்மாமீட்டர், அவருடைய ஆள்காட்டி விரல். நாலு நாளாக அக்கா அதைத்தான் குடித்தாள்.

என் ஃப்ரெண்ட் ஜெபாவின் அக்கா ஸ்டெல்லா, திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் ஒரு சின்ன உணவுப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறார். வெள்ளிக்கிழமை அவரிடம் இதை ஜோக்காகத்தான் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"அந்தப் பாலை இனிமே குடுக்காதீங்க. நாளைக்கு ஐஸ் போட்டு எடுத்துட்டு வா. அப்பாவையும் கூட்டிட்டு வா."

அப்பா ஒரே நிபந்தனையில் ஒத்துக்கொண்டார். பால் பாஸ் ஆனால் நான் ஒரு மாசம் வாயைத் திறக்கக் கூடாது. என்னைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய பந்தயம் என்று தெரியும்.

காலை 6.10, பீர்க்கன்கரணை. எங்க வீட்டிலிருந்து ஸ்கூட்டரில் ஏழு கிலோமீட்டர். "டெஸ்ட்டா? என் மாட்டுக்கு இன்னா சார் வந்துச்சு, நல்லாத்தான கீது" என்றார் மாட்டுக்காரர். மாடும் என்னைப் பார்த்து அதையே கேட்ட மாதிரி இருந்தது. தூக்கை ஐஸ் நிரப்பின வாளிக்குள் இறக்கி, ஸ்கூட்டரை தாம்பரம் ஸ்டேஷனில் விட்டுவிட்டு, 7.05 ரயில். பல்லாவரம் மூணாவது ஸ்டேஷன். அப்பாவுக்கு சீசன் டிக்கெட், எனக்கு அஞ்சு ரூபாய், பாலுக்கு இலவசம். அங்கிருந்து குன்றத்தூர் ரோட்டில் பஸ், முக்கால் மணி நேரம். தொழிற்பேட்டை முழுக்க லேத் சத்தம்.

ஸ்டெல்லா அக்கா மூணு கண்ணாடிக் குழாய் எடுத்தார். ஒண்ணில் பச்சைப் பால். ரெண்டில் அப்பாவே விரல் விட்டுச் சூடாக்கின பால். மூணில் பொங்கக் காய்ச்சி ஆறவைத்தது. அப்பாவின் விரல் ஓகே சொன்ன பாலில் நிஜத் தெர்மாமீட்டரை வைத்தால் 48 டிகிரி.

"63ல அரை மணி நேரம் நிக்கணும் அங்கிள், அப்பத்தான் பாக்டீரியா சாகும். இது அதுங்களுக்கு வெந்நீர்க் குளியல்."

மூணிலும் ஒரு சொட்டு நீலச் சாயம். வெதுவெதுப்பான தண்ணீர்த் தொட்டியில் வைத்தார். உயிரோடு இருக்கிற பாக்டீரியா அதிகமாக இருந்தால் நீலம் சீக்கிரம் மறைந்து பால் வெள்ளையாகிவிடுமாம்.

அவர் திரும்பின நேரத்தில் நான் ஒண்ணு, ரெண்டு லேபிளை மாற்றி மாட்டிவிட்டேன். பழக்க தோஷம். பச்சைப் பால் ஜெயித்துவிட்டது என்று அவர் முழிப்பார், அப்புறம் சொல்லிச் சிரிக்கலாம் என்று கணக்கு.

முப்பத்தஞ்சாவது நிமிஷம் ஒரு குழாயில் நீலம் கரைய ஆரம்பித்தது. யாரும் தொடவில்லை, ஆட்டவில்லை. கண்ணுக்குத் தெரியாத ஒரு கூட்டம் உள்ளே மூச்சு விட்டு நிறத்தையே தின்றுகொண்டிருந்தது. வாயைப் பிளந்து பார்த்தேன். நாலே நிமிஷத்தில் பக்கத்துக் குழாயும் வெளுத்தது. மூணாவது மட்டும் அசையாத நீலம்.

"அக்கா, ஒண்ணையும் ரெண்டையும் நான் மாத்தி வெச்சிட்டேன்."

"மாத்தினதால என்னடா மாறிச்சு?"

ஒண்ணுமே மாறவில்லை. என் வாழ்க்கையில் பிசுபிசுத்துப் போன முதல் குறும்பு அதுதான். அப்பாவின் விரல் சூட்டுக்கு அந்தக் கூட்டத்தில் யாரும் அசரவில்லை.

அப்பா மெதுவாகக் கேட்டார். "இது எல்லாம் கெட்டதாம்மா?"

"யார் யாருன்னு இந்த டெஸ்ட் சொல்லாது அங்கிள். ஆனா லிஸ்டீரியான்னு ஒண்ணு இருக்கு. லேசான சூட்டையும் தாங்கும், ஃப்ரிட்ஜுக்குள்ளயும் வளரும். அம்மாவுக்கு வெறும் காய்ச்சலாத் தெரியும், குழந்தை உயிருக்கே ஆபத்தாயிடும். குடிச்சதை இன்னைக்கே டாக்டர்கிட்ட சொல்லிடுங்க."

திரும்பும் ரயிலில் அப்பா காலித் தூக்கை மடியில் வைத்துக்கொண்டு ஒரு வார்த்தை பேசவில்லை. வாயைத் திறக்கக் கூடாத பந்தயத்தில் தோற்றது அவர்தான். நான் ஜெயித்தும் பேசத் தோன்றவில்லை. மத்தியானமே அக்காவை டாக்டரிடம் கூட்டிப் போனோம். இப்போதைக்கு ஒன்றுமில்லை, ஆனால் இது வாரக் கணக்கில் ஒளிந்திருந்தும் வரும், காய்ச்சல் வந்தால் உடனே வாங்க என்றார்.

போகிறவர்களுக்கு: சனிக்கிழமை மதியத்துக்குள் போங்கள், பஸ்ஸை நம்பாமல் அரை மணி கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள், ஐஸ் இல்லாமல் பால் எடுத்துப் போகாதீர்கள். போகாதவர்களுக்கு: பொங்கவிட்டுக் குடியுங்கள்.

அப்பா அன்றைக்கே தாம்பரம் மருந்துக்கடையில் ஒரு தெர்மாமீட்டர் வாங்கினார். தினம் காலையும் சாயங்காலமும் அக்கா வாயில் அதை வைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, காலண்டரில் எழுதுவார். ஒருநாள் அக்கா, "நெத்தியில கைய வெச்சுப் பாருப்பா, போதும்" என்றாள். அப்பா தன் ஆள்காட்டி விரலை ஒரு முறை பார்த்துவிட்டு, தெர்மாமீட்டரை உதறினார்.

போன வாரம் பையன் பிறந்தான். தொண்டை நன்றாக வேலை செய்கிறது. காலண்டர் இன்னும் சுவரில் இருக்கிறது, கடைசி எண் வரைக்கும் எல்லாம் நார்மல்.