அம்மாவுக்கு எடுத்து வைத்த பாய்

பிரசவத்துக்குப் பை கட்டியபோது, என் துணிகளுக்கு முன்னால் அம்மாவுக்கு ஒரு பாயைத்தான் எடுத்து வைத்தேன். கணவர் துபாயில் இருந்தார். நான் இருக்கும் குமுளியிலிருந்து மலையிறங்கினால் அம்மா இருக்கும் கம்பம். நான் மலையாளியைக் கட்டிக்கொண்டதிலிருந்து எங்களுக்குள் பேச்சில்லை. ஆனாலும் போனில், "கூட இருக்க வாம்மா" என்று அழுதேன்.

"பாப்போம்டி" என்றார்.

அந்த ஒரு சொல்லை நம்பி, அவருக்கு நூல் சேலை, தட்டு, தம்ளர் என்று பாதிப் பையை நிரப்பினேன்.

கூட இருக்கும் ஆளை எங்கள் ஆஸ்பத்திரியில் பைஸ்டாண்டர் என்பார்கள். நர்ஸ் கேட்டபோதெல்லாம், "வந்துட்டு இருக்காங்க சிஸ்டர்" என்றேன்.

பெண் குழந்தை பிறந்தது. வெளியே காத்திருப்பவரிடம் கொடுப்பதற்காக நர்ஸ் துணியில் சுற்றி எடுத்துப் போனார். வாசலில் என் பெயரைச் சொல்லி, "பைஸ்டாண்டர் யாரு?" என்று கூப்பிடுவது உள்ளே எனக்குக் கேட்டது. மறுபடியும் கூப்பிட்டார்.

"அது எங்க ஆளு இல்லங்க" என்றது அங்கே காத்திருந்த யாரோ ஒரு பெண்ணின் குரல்.

குழந்தை என்னிடமே திரும்பி வந்தது.

பாயைச் சுருள் பிரிக்காமலே வீட்டுக்குக் கொண்டுவந்தேன். வரமாட்டேன் என்று சொல்லியிருந்தால் அழுது தீர்த்திருப்பேன். பாப்போம் என்றுதானே சொன்னார். மகள் இப்போது நடக்கிறாள். எல்லை செக்போஸ்ட்டைத் தாண்டிப் பையோடு நடந்து வரும் பெண்களின் முகங்களை இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.